உங்கள் டிஎஸ்சி டோக்கன் யார் டிராயரில்?
டிஜிட்டல் கையெழுத்து: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி, திருப்பூரில் பனியன் யூனிட், கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி, பொள்ளாச்சியில் கயிறு மில். தொழில் எதுவானாலும், பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி என்று பதிவு செய்துவிட்டால் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் (டிஎஸ்சி) இல்லாமல் பல வேலைகள் நகராது. கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) படிவம், கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன், அரசு டெண்டர், கஸ்டம்ஸ் என்று எங்கே போனாலும் அந்தச் சான்றிதழ் இருக்கும் சின்ன யூஎஸ்பி டோக்கனைத்தான் கேட்கிறார்கள்.

அந்த டோக்கன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பல முதலாளிகள் சொல்லும் பதில், "ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குதுங்க." அங்கே போய்ப் பார்த்தால் ஒரு டிராயரில் பத்து இருபது டோக்கன் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், அதன் கீழேயே பின் நம்பர். நம்பர் எழுதிய டோக்கன் என்பது எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு வைத்த செக் புக். எடுத்தவர் எழுதுவதுதான் தொகை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இந்தக் கையெழுத்துக்கு பேனாவால் போடும் கையெழுத்தின் மதிப்பைத் தந்துவிட்டது. "நான் போடலைங்க, பையன் போட்டுட்டான்" என்று பிறகு சொல்லித் தப்புவது கடினம். கீழே உள்ள இரண்டு பட்டியலையும் படித்துவிட்டு இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

வாங்கும்போது

1. சிசிஏ உரிமம் உள்ள நிறுவனத்தின் சான்றிதழையே வாங்குங்கள். இமுத்ரா, கேப்ரிகார்ன், என்கோட், விசைன் போன்ற நிறுவனங்களுக்கு மத்திய அரசின் சிசிஏ அமைப்பு உரிமம் தந்திருக்கிறது. முழுப் பட்டியல் அதன் இணையதளத்தில் உண்டு. உங்களுக்கு விற்பவர் ஏஜென்ட் மட்டுமே. சான்றிதழுக்குப் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது.

2. எதற்காக என்று முதலிலேயே சொல்லி வாங்குங்கள். ரிட்டர்ன் போட மட்டும் என்றால் சைனிங் சான்றிதழ் போதும். டெண்டர் போடுபவருக்கு விலைப்புள்ளியைப் பூட்ட என்கிரிப்ஷன் சான்றிதழும் தேவைப்படும். கடையில் 'காம்போ' என்பார்கள். டெண்டர் முடியும் நாளில் இது தெரியவந்தால் அந்த டெண்டர் போனது போனதுதான்.

3. உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் இமெயிலையும் கொடுங்கள். விண்ணப்பத்துக்கும், பின்னாளில் சான்றிதழை ரத்து செய்வதற்கும் ஓடிபி அங்கேதான் வரும். ஏஜென்டின் எண் அதில் இருந்தால், ரத்து செய்யக்கூட அவரைத் தேடிப் போக வேண்டும்.

4. வீடியோ சரிபார்ப்பை நீங்களே செய்யுங்கள். கேமரா முன் நின்று பெயரைச் சொல்வது சில நொடி வேலை. உங்களைத் தவிர வேறு யாரும் உங்கள் பெயரில் சான்றிதழ் எடுக்காமல் தடுப்பது அந்தச் சில நொடிகள்தான்.

5. டோக்கன் கைக்கு வந்த அன்றே பின் நம்பரை மாற்றுங்கள். கம்பெனியிலிருந்து வரும் நம்பர் விற்றவருக்கும் தெரியும், இணையத்திலும் கிடைக்கும். டோக்கனோடு வரும் மென்பொருளைத் திறந்தால் 'சேஞ்ச் பின்' என்று இருக்கும். பிறந்த வருடத்தையும் வண்டி எண்ணையும் வைக்காதீர்கள்.

கையெழுத்திடும்போது

6. முதலில் பிடிஎஃபை இறக்கிப் படியுங்கள், பிறகு பின் நம்பரைத் தட்டுங்கள். வரும் படிவம் மாதாந்திர ரிட்டர்னா, டைரக்டர் ராஜினாமாவா, பங்கு மாற்றமா என்று திரையில் ஓடும் சின்னக் கட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. படிக்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான்.

7. டோக்கன் வெளியே போனால் நோட்டில் எழுதுங்கள். யார் வாங்கினார், எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்பியது. ஒரு வரி போதும். தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசும் சாட்சி அந்த நோட்டு.

8. 20ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே டோக்கனைச் செருகிப் பாருங்கள். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி கெடு அன்று மாலையில்தான் கையெழுத்திடும் மென்பொருளான எம்சைனர் 'கனெக்‌ஷன் இல்லை' என்று முரண்டு பிடிக்கும். பெரும்பாலும் எம்சைனரை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் நேரம் கெடு நாள் இரவு அல்ல.

9. காலாவதி தேதியை போன் காலண்டரில் போட்டு, ஒரு மாதம் முன்பே புதுப்பியுங்கள். சான்றிதழுக்கு ஆயுள் ஒன்று முதல் மூன்று வருடம். புதியது வந்ததும் ஜிஎஸ்டி, வருமான வரி, எம்சிஏ, பிஎஃப், கஸ்டம்ஸின் ஐஸ்கேட் என்று நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி பதிய வேண்டும். பெயர் பழையதாக இருந்தாலும் அந்தத் தளங்களுக்கு அது புதுச் சான்றிதழ்.

10. ஆதார் இ-சைன் கேட்டால், ஓடிபி கொடுப்பதற்கு முன் யார் கேட்கிறார், எந்த ஆவணம் என்று பாருங்கள். அந்த ஆறு இலக்கம் லாகின் ஓடிபி போலத் தெரியும். உண்மையில் அது கடன் ஒப்பந்தத்தின் அடியில் விழும் உங்கள் கையெழுத்தாக இருக்கலாம். ஆவணத்தை முழுதாகக் காட்டாத செயலிக்கு ஓடிபி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும்போது

11. கம்ப்யூட்டரில், அக்ரோபாட் ரீடரில், நெட் இணைப்போடு திறந்து பாருங்கள். போன் வியூவரும் குரோமும் கையெழுத்தின் படத்தைக் காட்டும், சோதித்துச் சொல்லாது. நெட் ஏன் வேண்டும் என்றால், ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் ஆன்லைனில்தான் இருக்கிறது. 2014 ஜூலையில் மத்திய அரசின் என்ஐசி வழங்கிய சான்றிதழ்களிலேயே கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்றவை இருந்ததை கூகுள் கண்டது. சிசிஏ மறுநாளே என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. நேற்று செல்லுபடியானது இன்று செல்லாமல் போகலாம்.

12. சிக்னேச்சர் பேனலைத் திறந்து நான்கு விஷயம் பாருங்கள். கையெழுத்திட்டவர் பெயர். சான்றிதழ் சங்கிலியின் உச்சியில் 'சிசிஏ இந்தியா' இருக்கிறதா. கையெழுத்துக்குப் பிறகு ஃபைல் மாறவில்லை என்ற வரி. கையெழுத்திட்ட நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா. நான்கில் ஒன்று இடித்தாலும் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு அனுப்பியவரை போனில் அழையுங்கள்.

13. மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பதறாமல் காரணம் பாருங்கள். இ-ஆதார், வருவாய்ச் சான்று போன்றவற்றில் அடிக்கடி வருவது இது. உங்கள் ரீடருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் அறிமுகம் ஆகவில்லை என்பதே பொருள். கையெழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ் வழியாகச் சான்றிதழைத் திறந்து, உச்சியில் சிசிஏ இந்தியா இருந்தால் மட்டும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் அது வேறு கதை. ஏன் என்று தெரியும்வரை அந்த ஆவணத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

14. அரசு ஆவணத்தை அது பிறந்த தளத்திலேயே சரிபாருங்கள். வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறைத் தளம், பட்டாவுக்கு இ-சர்வீசஸ் தளம், சாதி, வருமான, இருப்பிடச் சான்றுக்கு இ-டிஸ்ட்ரிக்ட் தளம். க்யூஆர் ஸ்கேன் செய்தால் திறக்கும் முகவரியில் தளத்தின் பெயர் 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம் உண்மைபோல இருந்து பயனில்லை.

15. சப்ளையர் இன்வாய்ஸின் க்யூஆரையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் மற்றொரு தொழிலுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போடுவது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அந்த க்யூஆரில் இன்வாய்ஸ் போர்ட்டலின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. இ-இன்வாய்ஸ் சரிபார்க்கும் செயலியில் ஸ்கேன் செய்தால் விற்றவர், வாங்கியவர், தொகை எல்லாம் வரும். தாளில் உள்ள தொகையும் திரையில் உள்ள தொகையும் ஒன்றா என்று பார்த்த பிறகு நூல் வண்டியை இறக்குங்கள்.

தொலைந்தால், ஆள் மாறினால்

16. டோக்கன் காணவில்லை என்றால் அந்த நிமிடமே சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குச் சொல்லி ரத்து செய்யுங்கள். சட்டத்தின் 42ஆம் பிரிவு, நீங்கள் தெரிவிக்கும்வரை பொறுப்பு உங்களுடையது என்கிறது. "நாளைக்குத் தேடிப் பார்க்கலாம்" என்று விடும் ஓர் இரவுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். தெரிவித்ததற்கு இமெயில் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள்.

17. பார்ட்னரோ டைரக்டரோ விலகிய வாரமே எல்லாத் தளத்திலும் பெயரை எடுங்கள். எம்சிஏவில் மட்டும் மாற்றிவிட்டு ஜிஎஸ்டியிலும் பிஎஃபிலும் மறந்துவிடுவதுதான் வழக்கம். பிரிந்துபோனவரின் டோக்கன் உங்கள் பிஎஃப் தளத்தில் இன்னும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

செய்யக்கூடாதவை

வாங்கும்போது

1. 'கிளாஸ் 2 கொஞ்சம் மலிவுங்க' என்பவரிடம் வாங்காதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் கிளாஸ் 2 வழங்குவதே நின்றுவிட்டது. இது தெரியாதவருக்குத் தொழில் தெரியாது. தெரிந்தே சொல்பவர் அதைவிட ஆபத்தானவர்.

2. யாருக்காகவும் 'பேருக்கு' டைரக்டர் ஆகாதீர்கள், வேலையாளையும் ஆக்காதீர்கள். 2022 செப்டம்பரில் சீனத் தொடர்புள்ள போலி கம்பெனிகளைத் தேடி கார்ப்பரேட் விவகார அமைச்சகம் கூர்கான், பெங்களூரு, ஹைதராபாத்தில் சோதனை போட்டது. கிடைத்தவற்றில் கம்பெனி சீல்களும் டம்மி டைரக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்துகளும் நிரம்பிய பெட்டிகள் இருந்தன. மாதம் சில ஆயிரத்துக்கு ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்தவரின் பெயர்தான் எல்லாப் படிவத்திலும் நிற்கும்.

3. மனைவி, அப்பா, மாமனார் பெயரில் எடுத்த டோக்கனை நீங்கள் வைத்துக்கொண்டு போடாதீர்கள். குடும்பக் கம்பெனியில் இது சகஜம். ஆனால் பாகப் பிரிவினை பேச்சு வரும் நாளில் "அந்தக் கையெழுத்து நான் போட்டதில்லை" என்ற ஒரு வாக்கியம் மொத்தக் கணக்கையும் கோர்ட்டுக்கு இழுத்துவிடும்.

கையெழுத்திடும்போது

4. டோக்கனையும் பின் நம்பரையும் ஒரே ஆளிடம் விட்டு வராதீர்கள், அது ஆடிட்டரே ஆனாலும். ஆடிட்டர் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடம் வேலை பார்க்கும் பையன்கள் வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "சார், டோக்கன் இனி எங்கிட்டயே இருக்கட்டுங்க. ரிட்டர்ன் போடற அன்னிக்கு நானே கொண்டு வர்றேனுங்க." நல்ல ஆடிட்டருக்கு இதில் ஒரு பாரம்தான் குறையும்.

5. பின் நம்பரை டோக்கனில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பாதீர்கள். டோக்கன் திருடு போனாலும் நம்பர் இல்லாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டிக்கர் அந்தப் பாதுகாப்பை அழித்துவிடுகிறது.

6. நம்பர் மறந்தால் ஊகித்து ஊகித்துத் தட்டாதீர்கள். சில தடவை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். திருடனுக்குப் போட்ட பூட்டு உங்களையும் வெளியே நிறுத்தும்.

7. 'இனிஷியலைஸ்' பொத்தானைத் தொடாதீர்கள். பூட்டிய டோக்கனைத் திறக்கிறேன் என்று அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவி அழிந்துவிடும். அதற்கு நகல் எங்கும் இல்லை. புதுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும். டெண்டர்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: பழைய என்கிரிப்ஷன் சாவியால் பூட்டிய ஃபைலைப் புதுச் சாவி திறக்காது.

8. டோக்கன் செருகியிருக்கும்போது எனிடெஸ்க் அனுமதி கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நீங்கள் ஒருமுறை நம்பர் போட்ட பிறகு, தூரத்தில் இருப்பவர் உங்கள் திரையிலேயே அடுத்த கையெழுத்தைப் போட வழி இருக்கிறது. வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் செருகவே வேண்டாம்.

9. கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டிய படத்தை டிஜிட்டல் கையெழுத்து என்று நினைக்காதீர்கள். அந்தப் படத்தை யாரும் வெட்டி எந்தத் தாளிலும் ஒட்டலாம். உண்மையான டிஜிட்டல் கையெழுத்து அந்த ஒரு ஃபைலின் ஒவ்வொரு எழுத்தோடும் கட்டப்பட்டது. ஒரு கமா மாறினாலும் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

10. கையெழுத்திட்ட பிறகு பிடிஎஃபைச் சுருக்காதீர்கள், சேர்க்காதீர்கள், 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுக்காதீர்கள். தளம் 2 எம்பிக்கு மேல் ஏற்கவில்லை என்றால் முதலில் சுருக்குங்கள், பிறகு கையெழுத்திடுங்கள். வரிசை மாறினால் கையெழுத்து போய்விடும், அதன் படம் மட்டும் ஏமாற்றிக்கொண்டு நிற்கும்.

11. உயிலுக்கும் டிரஸ்ட் பத்திரத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்தை நம்பாதீர்கள். சட்டத்தின் முதல் அட்டவணை இவற்றை வெளியே நிறுத்தியிருக்கிறது. நிலம் வாங்கும்போதும் இ-சைன் போட்ட ஒப்பந்தம் கையில் இருப்பதால் கிரயம் ஆகிவிடாது. சொத்து உங்கள் பெயருக்கு வரப் பத்திரப் பதிவு நடந்தாக வேண்டும்.

சரிபார்க்கும்போது

12. தாளில் அச்சான பச்சை டிக்கை நம்பாதீர்கள். அதை எந்த ஜெராக்ஸ் கடையிலும் போட்டுத் தருவார்கள். பிடிஎஃபில் உள்ள டிக்கைக் கிளிக் செய்யுங்கள். உண்மையானது என்றால் கையெழுத்து விவரம் திறக்கும். படம் என்றால் ஒன்றும் நடக்காது.

13. பிரிண்ட் எடுத்துவிட்டு ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். தாளில் கையெழுத்து இல்லை, ஃபைலில்தான் இருக்கிறது. அனுப்பும்போதும் போட்டோ எடுத்து அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் 'டாகுமென்ட்' என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள்.

14. சான்றிதழ் இப்போது காலாவதி என்று காட்டுவதை மட்டும் பார்த்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஆதார் இ-சைனின் சான்றிதழுக்கு ஆயுளே 30 நிமிடம்தான். கையெழுத்திட்ட நேரம் அந்த 30 நிமிடத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடம் முன்பு போட்ட ஒப்பந்தத்துக்கும் இதே கணக்குதான்.

15. கையெழுத்து சரி என்பதால் விஷயமும் சரி என்று எண்ணாதீர்கள். யார் போட்டார், பிறகு யாரும் மாற்றவில்லை என்ற இரண்டை மட்டுமே அது சொல்லும். போட்டவருக்கு அந்தக் கம்பெனி சார்பில் போட அதிகாரம் உண்டா என்று சொல்லாது. புது பார்ட்டியிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தால் எம்சிஏ தளத்தில் டைரக்டர் பட்டியலைப் பார்த்து, கையெழுத்திட்ட பெயர் அதில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

தப்பு நடந்த பிறகு

16. "நமக்குத் தெரிஞ்ச பையன்தானே" என்று மூடி மறைக்காதீர்கள். அடுத்தவரின் மின்னணுக் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி மூன்று வருடம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். புகார் கொடுக்காமல் நீங்கள் காத்திருக்கும் நாள்கள், உங்களுக்கும் சம்மதம் இருந்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட இடம் கொடுக்கும்.

17. பழைய டோக்கனைக் குப்பையில் போடாதீர்கள். காலாவதியான சைனிங் சான்றிதழால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதே டோக்கனில் வேறொரு டைரக்டரின் உயிருள்ள சான்றிதழும் இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, பூட்டிய ஃபைல் எதுவும் பாக்கி இல்லை என்று உறுதி செய்த பிறகே விடுங்கள்.

முப்பத்துநான்கையும் இன்றே முடிக்க முடியாது. மூன்றை முடிக்க முடியும். ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு டோக்கனை வாங்கி வர ஆள் அனுப்புங்கள். வந்ததும் பின் நம்பரை மாற்றுங்கள். அதே மென்பொருளில் காலாவதி தேதி தெரியும், அதைக் காலண்டரில் ஏற்றுங்கள். பீரோவில் பத்திரம் வைக்கும் தட்டிலேயே டோக்கனையும் வையுங்கள். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிவான விஷயம்.